பழைய போர்ஷே 911-ஐப் புதுப்பிக்கிறீர்களா? குதிரைத்திறனைக் கடைசியில் வையுங்கள்

கேள்வி இது: "ஜெர்மனியில் பதிவான 1979 மாடல் போர்ஷே 911 எஸ்.சி. ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பத்து வருடமாக ஓடாமல் நின்ற வண்டி. பார்வைக்குப் பழைய வண்டியாகவே இருக்க வேண்டும். ஓட்டினால் இன்றைய வண்டி மாதிரி இருக்க வேண்டும். 964 மாடலின் (1989-இல் தொடங்கிய 911 தலைமுறை) 3.6 லிட்டர் இன்ஜினை வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?"

வைக்கலாம். ஆனால் அது கடைசி வேலை, ஒருவேளை தேவையே படாத வேலை. இந்த மாதிரி வண்டியைக் கையில் எடுக்கிற பலரும் வரிசையைத் தலைகீழாகத்தான் பிடிக்கிறார்கள். முதலில் இன்ஜின், அப்புறம் சக்கரம், அப்புறம் பெயின்ட், பணம் மிஞ்சினால் பிரேக். எல்லாம் முடிந்து வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்க்கும்போதுதான் அடியில் துரு தெரியும். மறுபடியும் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

வண்டித் தேர்வில் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1973-இன் கரெரா ஆர்.எஸ். 2.7 உங்களிடம் இருந்திருந்தால், ஒரு போல்ட்டைக்கூட மாற்றாதீர்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். மொத்தமே 1,580 வண்டிகள்; அதில் கைவைப்பது பாவம். எஸ்.சி. அப்படி இல்லை, ஏராளமாகச் செய்தார்கள். அதோடு, முந்தைய வண்டிகளை வாட்டிய இரண்டு பெரிய நோய்கள் இதற்குக் குறைவு. 1970-களின் நடுவில் வந்த 2.7 லிட்டர் இன்ஜின்களின் கிராங்க்கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, மேக்னீசியம். சூட்டில் சிலிண்டர் ஹெட்டை இறுக்கும் நீளத் திருகுகள், அதாவது ஸ்டட்கள், மரையோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும். எஸ்.சி.க்கு டர்போ மாடலின் வழியில் அலுமினிய கிராங்க்கேஸ் கொடுத்தார்கள். உடல் தகடும் 1976 மாடலிலிருந்தே துத்தநாகம் பூசியது.

இன்னொரு வேடிக்கை. எஸ்.சி. வந்த நாட்களில் 911-ஐயே மூட்டைகட்டிவிடும் எண்ணம் போர்ஷேயில் இருந்தது. 1977-இல் வந்த 928 என்ற மாடல் அதன் இடத்தைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 1981-இல் தலைமைக்கு வந்த பீட்டர் ஷூட்ஸ், தலைமைப் பொறியாளர் ஹெல்முத் போட்டின் அறைச் சுவரில் இருந்த திட்ட வரைபடத்தைப் பார்த்தாராம். 911-இன் கோடு மட்டும் 1981-லேயே நின்றிருந்தது. ஒரு மார்க்கரை எடுத்து அந்தக் கோட்டை வரைபடத்தைத் தாண்டி, சுவர் வழியாகக் கதவு வரைக்கும் இழுத்துவிட்டார் என்பது அவரே பிற்பாடு சொன்ன கதை. கடைசி 911 ஆகியிருக்க வேண்டிய வண்டிதான் உங்களுடையது.

வேலைக்கு இறங்கும் முன் வண்டியின் சுபாவத்தைப் புரிந்துகொள்ளுங்கள். இதன் இன்ஜின் பின் ஆக்சிலுக்கும் பின்னால் தொங்குகிறது. எடையில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு பின்சக்கரங்கள் மேல். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பாரம் முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்க்கும். இந்தப் பின்பாரத்தோடு போர்ஷேக்காரர்களே வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். ஆரம்பகால 911-களில் முன் பம்பரின் இரு மூலைகளிலும் தலா 11 கிலோ எடையை ஒளித்துவைத்தார்கள். 1969 மாடலில் இன்ஜினை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் 57 மி.மீ பின்னால் தள்ளினார்கள். சக்கர இடைவெளி 2,211-இலிருந்து 2,268 மி.மீ ஆயிற்று. அவ்வளவு செய்தும் குணம் முழுதாகப் போகவில்லை. போகவும் வேண்டாம், வளைவிலிருந்து வெளியேறும்போது கிடைக்கிற அந்தப் பிடி இதே பின்பாரத்தின் இன்னொரு முகம்தான். நீங்கள் செய்கிற ஒவ்வொரு மாற்றமும் இந்தக் குணத்தைக் கையாள வசதி செய்ய வேண்டும், அதை மறைக்கக் கூடாது.

சரி, முதலில் உடல். துத்தநாகம் பூசிய தகடு என்றால் துருவே பிடிக்காது என்று அர்த்தமில்லை, தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் சில்லும் (கதவுக்கு அடியில் ஓடும் சட்டம்) சஸ்பென்ஷனின் டார்ஷன் பார் குழாயும் சேரும் மூலையைப் பாருங்கள். சேறும் ஈரமும் போய் உட்காருகிற இடம் அதுதான். அப்புறம் பேட்டரி இருக்கும் இடம், முன் சஸ்பென்ஷன் பொருந்தும் அடித்தகடு, கண்ணாடிகளின் ரப்பர் ஓரம், ஹெட்லைட் வளையத்தின் பின்பக்கம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுக்க நகர்த்துங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. கதவை மூடும் சத்தத்தையும் கேளுங்கள். நல்ல 911-இன் கதவு துப்பாக்கி போல்ட்டைத் தள்ளியது மாதிரி ஒரு உலோகச் சத்தத்தோடு பூட்டும். தூக்கித் தூக்கி மூட வேண்டியிருந்தால் சில் தளர்ந்து உடல் தொய்ந்திருக்கலாம். அந்தக் கூட்டின்மேல் எந்த சஸ்பென்ஷனைப் போட்டாலும் வேலைக்கு ஆகாது. உங்கள் பட்ஜெட்டில் பெரும்பங்கு இங்கேதான் கரையும். வெளியே யாருக்கும் தெரியாத செலவு என்பதால் மனசு வராது. செய்துதான் ஆக வேண்டும்.

அடுத்தது பிரேக். இதில் நான் பட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தவருடைய எஸ்.சி.; ஒரு பட்டறையில் இன்ஜினை 250 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். பட்டறையின் பெயர் வேண்டாம். ஜெர்மனியின் கருங்காட்டு (பிளாக் ஃபாரஸ்ட்) மலைச்சாலையில் இறங்கும்போது நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவது எட்டாவது வளைவில் பெடல் கொஞ்சம் கீழே போனது. அதற்கடுத்த வளைவில் பஞ்சை மிதித்த மாதிரி தரைக்கே போனது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எப்படியோ ஓரம்கட்டினேன். காரணம் ரொம்ப சாதாரணம். பிரேக் ஆயில் பல வருடமாக மாற்றப்படவில்லை. டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. காற்றிலிருந்து ஈரம் இழுத்துவிட்டால் அதற்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச அளவே 155 டிகிரிதான், பல வருடம் கிடந்தது அதற்கும் கீழே போய்விடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி; ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிர, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரைத் தள்ளாது. இத்தனைக்கும் அந்த வண்டியில் ரப்பர் ஹோஸ்கள்கூடப் பழசு. பத்து வருடம் நின்ற உங்கள் வண்டியில் அவை உள்பக்கம் ஊதி அடைத்திருக்கும், பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே இருக்கும்.

ஆகவே ஹோஸ், ஆயில், மாஸ்டர் சிலிண்டர், காலிப்பர் சீல் எல்லாம் புதிது. அதன் மேல் மேம்பாடு வேண்டுமென்றால் எஸ்.சி.க்கு அடுத்து வந்த 1984-89 கரெரா 3.2-இன் காலிப்பரும் தடிமனான டிஸ்க்கும் எஸ்.சி.யில் எளிதாக அமரும். 300 குதிரைத்திறன் வரை இன்ஜின் போகாத சாலை வண்டிக்கு அது போதும். சிலர் முன்னால் மட்டும் ராட்சத காலிப்பர் மாட்டிவிடுவார்கள். இன்ஜின் பின்னால் இருக்கும் வண்டியில் பின் பிரேக்குக்கு நிறைய வேலை உண்டு. முன்னால் மட்டும் பெரிதாக்கினால் பின்பக்கத்தின் திறன் வீணாகும். மாறாக, பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்கிற மாதிரி செய்துவிட்டால் வண்டி சுற்றும். இதில் ஏ.பி.எஸ். கிடையாது என்பதை மறக்காதீர்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பத்து வயது டயர் எவ்வளவு பட்டன் இருந்தாலும் குப்பைக்குத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த 15 அங்குலச் சக்கரத்துக்கு நல்ல டயர் குறைவு. போர்ஷேயின் பழைய அலாய் சக்கரமான ஃபூக்ஸில், 16 அங்குல அளவில், முன்னால் 205/55, பின்னால் 225/50 போட்டால் தோற்றமும் கெடாது, தேர்வும் கூடும். 18 அங்குலம் வேண்டாம். இந்த உடலுக்கு அது பாட்டி கால் பூட்ஸ்.

சஸ்பென்ஷனில் எஸ்.சி.க்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நான்கு சக்கரத்துக்கும் முறுக்கும் தண்டுதான், அதாவது டார்ஷன் பார். தண்டின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காவது அடுக்குப்படி ஏறும். முன்பக்கம் ஏறக்குறைய 19 மி.மீ இருப்பதை 21 ஆக்கினால் கண்ணுக்கே தெரியாத வித்தியாசம். விறைப்போ ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் போனால் முதுகெலும்புக்குக் கேடு. நல்ல ஷாக் அப்சார்பர், புது புஷ்கள், இந்த அளவுத் தண்டு, இவையே வண்டியை வேறு வண்டியாக்கிவிடும். உயரத்தை அளவுக்கு மேல் இறக்கினால் ஸ்டீயரிங் டை ராடின் கோணம் கெட்டு, மேடுபள்ளத்தில் வண்டி தானே திரும்பப் பார்க்கும். இறக்கத்தான் வேண்டுமென்றால் ஸ்டீயரிங் ரேக்குக்கு அடியில் ஸ்பேசர் வைத்து அந்தக் கோணத்தைச் சரிசெய்ய வேண்டும்.

பிறகு நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுநர் இருக்கையில் உங்கள் எடைக்குச் சமமாக மணல் மூட்டை, டேங்கில் பாதி பெட்ரோல். முன் இடது பின் வலது கூட்டுத்தொகையும், முன் வலது பின் இடது கூட்டுத்தொகையும் கிட்டத்தட்ட ஒன்றாக வரும் வரை தண்டுகளைத் திருகுவார்கள். ஆடுகிற நாற்காலியின் ஒரு காலுக்குக் காகிதம் மடித்து வைக்கிற வேலைதான். ஒரு நாள் பிடிக்கும். இடது வளைவில் ஒரு மாதிரி, வலது வளைவில் ஒரு மாதிரி நடந்துகொள்ளும் 911-க்குப் பெரும்பாலும் மருந்து இதுதான்.

இனி சூடு. காற்றால் குளிரும் இன்ஜின் என்று சொன்னாலும் இதைக் குளிர்விப்பதில் பாதி வேலை ஆயிலுக்கு. டிரை சம்ப் அமைப்பு. ஆயில் தனி டேங்கில் இருக்கிறது, மொத்தம் 10 லிட்டருக்கு மேல். அளவு பார்க்கும் முறையே வேறு. இன்ஜின் நன்றாகச் சூடேறி, சமதளத்தில், ஓடிக்கொண்டிருக்கும்போதே டிப் ஸ்டிக்கை எடுக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் பார்த்துவிட்டு "ஆயிலே இல்லையே" என்று இரண்டு லிட்டர் ஊற்றுகிறவர்கள் இன்றும் உண்டு. கொஞ்ச தூரம் ஓட்டியதும் மிஞ்சியது காற்று வடிகட்டிக்குள் ஏறிப் பின்னால் நீலப் புகை மண்டும். இன்ஜின் சக்தியை ஏற்றப்போகிறீர்கள் என்றால் அதற்கு முன் முன்சக்கர வளைவுக்குள் கரெராவின் ரேடியேட்டர் வகை ஆயில் கூலரும் ஒரு விசிறியும் வைத்துவிடுங்கள். எக்ஸாஸ்டைக் கழற்றி ரேஸ் ஹெடர் மாட்டும் ஆசை வரும். ஆனால் இந்த வண்டியின் ஹீட்டர் வெந்நீரில் இயங்குவதல்ல. எக்ஸாஸ்டைச் சுற்றிய ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாக வரும் சூடான காற்று. ஹெடர் மாட்டினால் அது போச்சு, நவம்பர் காலையில் கண்ணாடிப் பனியைக் கையால் துடைத்துக்கொண்டே ஓட்ட வேண்டியதுதான்.

இப்போது இன்ஜின். உங்களுடையது 2,994 சி.சி., 180 குதிரைத்திறன். வண்டி எடை ஏறக்குறைய 1,160 கிலோ. சக்தியைக் கூட்டும் முன் இன்ஜினைக் காக்க வேண்டும். அலுமினிய கிராங்க்கேஸ் மரையைக் காப்பாற்றியது சரி, ஆனால் கீழ்வரிசை ஹெட் ஸ்டட்களுக்கு திலாவர் என்ற உலோகக் கலவையைப் போட்டார்கள். ஈரமும் அரிப்பும் சேர்ந்தால் அது நடுவில் பட்டென்று முறியும். அடுத்தது கேம்ஷாஃப்ட் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர். அது செத்தால் செயின் தளர்ந்து, பல் தாண்டி, வால்வு பிஸ்டனில் மோதும். கரெரா 3.2-க்கு வந்த ஆயில் அழுத்த டென்ஷனரை எஸ்.சி.யில் மாட்டலாம், தயங்காமல் மாட்டுங்கள். மூன்றாவது, குளிர்ந்த ஸ்டார்ட்டில் ஒரு பேக் ஃபயர் அடித்தால் பிளாஸ்டிக் ஏர்பாக்ஸ் வெடிக்கும். பாப் ஆஃப் வால்வ் என்ற சின்ன மூடி அதைத் தடுக்கும், அற்பக் காசு. நான்காவது, இன்ஜின் மேல் ஓடும் பெட்ரோல் ஹோஸ்கள். பழைய 911-கள் தீப்பிடித்த கதைகளைத் தோண்டினால் அடியில் இவைதான் அதிகம் கிடக்கும். ஒன்றுவிடாமல் மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகும் வேகம் போதவில்லை என்றால் எனக்குப் பிடித்த வழி 3.6 அல்ல. உங்கள் கிராங்க் 70.4 மி.மீ ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம். 95 மி.மீ சிலிண்டருக்குப் பதில் 98 மி.மீ சிலிண்டரும் பிஸ்டனும் போட்டால் 3,186 சி.சி. கரெரா 3.2-இன் 3,164-ஐவிடக் கொஞ்சம் பெரிது, ஸ்ட்ரோக் குட்டை என்பதால் ஆர்.பி.எம். ஏறும்போது முணுமுணுக்காமல் சுழலும். ஆனால் பெட்ரோல் ஊட்டும் போஷ் கே-ஜெட்ரானிக்கை வைத்துக்கொண்டு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டை முரட்டுத்தனமாகப் போடாதீர்கள். காற்று போகிற அளவை ஒரு தட்டு எழும்பித் தாழ்ந்து அளக்கும் முறை அது. முரட்டு கேம் கிளப்பும் காற்றலையில் தட்டு நடுங்கிக் கணக்கு குழம்பிவிடும். அந்த கேம்தான் வேண்டுமென்றால் ஆறு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில், புரோகிராம் செய்யக்கூடிய இ.சி.யு. (இன்ஜினை நடத்தும் கணினி) தேவை. அழுத்த விகிதத்தையும் ஏற்றினால் சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக். இதில் பிஸ்டன் தலை மேடாக இருப்பதால் தீ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக நேரம் பிடிக்கும். இரு பக்கமும் பற்றவைத்தால் இன்ஜின் நாக் அடிக்காது. இப்படிச் செய்த இன்ஜின் 250 குதிரைத்திறனைத் தாண்டும். வெட்டி ஒட்டாமலே வண்டியின் எடையையும் 1,100 கிலோவுக்கு இறக்கினால் டன்னுக்கு 227 குதிரைத்திறன் வரும். 964 கரெராவே 250 குதிரைத்திறனும் சுமார் 1,350 கிலோவும்தான், டன்னுக்கு 185. உங்கள் 3.6 ஆசைக்கு என் பதில் இந்தக் கணக்குதான். கூடவே, உங்களுடைய 915 கியர்பாக்ஸ் அதிக டார்க்குக்குச் செய்ததல்ல. சின்க்ரோ தேய்ந்தால் இரண்டாவது கியர் கரகரக்கும். அவசரப்படாமல் மாற்றப் பழகுங்கள்.

ஜெர்மனியில் பதிவான வண்டி என்பதால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 30 வயது தாண்டிய வண்டிக்கு 1997 முதல் எச் எண் பலகை, அதாவது பழங்கால வண்டிக்கான தனிப் பதிவு, கிடைக்கிறது. வருட வரி 191.73 யூரோ, அதோடு தீர்ந்தது. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத உங்கள் வண்டி நகரச் சுற்றுச்சூழல் மண்டலங்களுக்குள் நுழைய முடிவதும் அந்த எழுத்தால்தான். ஆனால் அதற்கு வண்டி அசல் நிலையில் இருக்க வேண்டும், இல்லையென்றால் மாற்றங்கள் அந்தக் காலத்துக்கு உரியவையாக இருக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து பத்து வருடத்துக்குள் வழக்கத்தில் இருந்தவை என்பது பொதுவான அளவுகோல். கரெரா பிரேக், டென்ஷனர், 16 அங்குல ஃபூக்ஸ் எல்லாம் இந்தக் கணக்குக்குள் சுகமாக வரும். 964 இன்ஜின் வந்ததே 1989 மாடலில், எல்லைக்கோட்டில் நிற்கிறது. நவீன இ.சி.யு. இன்னும் வம்பு. வேலை முடித்துவிட்டு டூஃப் (TÜV, ஜெர்மனியில் வண்டிகளைச் சோதிக்கும் அமைப்பு) ஆய்வாளரிடம் போய் நிற்காதீர்கள். திட்டத்தைத் தாளில் எழுதி, ஒரு திருகுகூடக் கழற்றும் முன் அவரிடம் காட்டுங்கள். கழற்றிய அசல் பாகங்களையெல்லாம் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பெட்டியில் வையுங்கள், குறிப்பாக எண் பொறித்த கிராங்க்கேஸை.

கலிபோர்னியாவின் சிங்கர் செய்கிற வண்டிகளைப் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசை. ராப் டிக்கின்சன் 2009-இல் தொடங்கிய நிறுவனம். 964-ஐ எலும்புவரை பிரித்து, கார்பன் ஃபைபர் உடல் போர்த்தி, 1970-களின் முகம் வைப்பார்கள். வேலை அபாரம், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே அடிவண்டியைத் தவிர எல்லாமே புதிது. அந்த விலையில் பாதிக்குப் பாதி செலவழித்து அதன் நகலைச் செய்யப் போனால் இரண்டும்கெட்டானாக முடியும். ஜெர்மனியின் பவேரியாவில் உள்ள ரூஃப் நிறுவனம் 911-ஐ வைத்து 1987-இல் செய்த மஞ்சள் சி.டி.ஆர். என் ரசனைக்கு நெருக்கம்: 469 குதிரைத்திறன் உள்ளே; வெளியே கூரைத் தண்ணீர்க் கால்வாயை நீக்கியது போன்ற சில்லறை மாற்றங்கள்தான்.

இந்த வாரக் கடைசியில் ஒன்று செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முயற்சிக்காமல், இரண்டு பக்கமும் கீழ் வால்வ் கவர்களைக் கழற்றுங்கள். அடியில் ஒரு தட்டு வையுங்கள், பழைய ஆயில் கொட்டும். கவருக்குள் விரலை விட்டுத் துழாவுங்கள். நட்டோடு முறிந்த ஸ்டட் துண்டு ஒன்று கையில் தட்டுப்பட்டால் இன்ஜினை எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும், 98 மி.மீ சிலிண்டர் பேச்சை அப்போது எடுக்கலாம். ஒன்றும் இல்லையென்றால் இன்ஜினை மூடிவிட்டு, காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள்.